காப்பியடிக்காதே என்று சொன்னால் போதுமா?

(திருவேற்காட்டில், வேலை பார்த்துக்கொண்டே பட்டப் படிப்புப் படிக்கும் வாலிபர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. கருமாரி அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் நமது தெருக்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்த நெரிசலையும் தாண்டி இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் விஷயம் உங்களைச் சுடுகிறது என்றுதான் அர்த்தம்.

நாம் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவர்கள். பல்கலைக் கழகப் படிப்பைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். இந்த ஊரிலே மகளின் அசைன்மென்டுக்காக இரவு பன்னிரண்டு மணிக்கு ஃபோனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய், நம்மைப் போலப் பத்தாவது கூடப் படித்ததில்லை. அவளுக்கு இருக்கிற உரிமைதான் நமக்கும்.

விஷயம் என்ன? பல்கலைக் கழகங்கள் இப்போது அசைன்மென்டுகளை இணையம் வழியாக வாங்குகின்றன. கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து, பி.டி.எஃப். ஆக்கி, போர்ட்டலிலே ஏற்ற வேண்டும். அல்லது தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். நாற்பது பேர் கொடுத்தால் முப்பது ஒரே அச்சாக இருக்கிறது, எழுத்துப் பிழை கூட ஒரே இடத்தில் இருக்கிறது என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். "நாணயம் போய்விட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள்" என்கிறார்கள். ஆசிரியர்கள் சொல்வது பொய்யா? பொய் இல்லை. முழு உண்மையா? அதுவும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டிலே ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு பார்க்கிற ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிறாள். ஷிப்டு முடிந்து ஷேர் ஆட்டோ பிடித்து வேலப்பன்சாவடி வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று தாண்டிவிடும். போர்ட்டல் மூடுகிற நேரம் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது! வீட்டிலே இருப்பது ஒரே ஃபோன். அது தம்பியின் கையில். தாளைப் படம் எடுத்தால் கோப்பு பெரிதாக இருக்கிறது, ஏற்ற முடியாது என்று போர்ட்டல் தள்ளுகிறது. சுருக்கி ஏற்றினால் எழுத்து மங்குகிறது. கடைசி நாள் என்பதால் ஊரே ஏற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் வாட்ஸ்ஆப் குழுவிலே யாரோ ஒருவன் பதிலை முழுசாகப் போடுகிறான். பெயரை மாற்றினால் போதும்! இந்த இடத்திலேதான், தோழர்களே, நாணயம் என்ற பேச்சு தொடங்குகிறது. குளிர்பதன அறையில் உட்கார்ந்து உபதேசம் செய்கிறவருக்கு இந்த இடம் தெரியாது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஃபோன் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, நேரமும் உண்டு. கையில் காசும் உண்டு. அவர்கள் கடைக்குப் போகிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். அசைன்மென்டைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. கையால் எழுதிக் கொடுப்பதற்கும் ஆள் இருக்கிறது! பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட்டு. ஆய்வேடே எழுதித் தருகிறோம் என்று பகிரங்கமாக விளம்பரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுதுகிறவன் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் படித்துவிட்டு வேலை கிடைக்காத பட்டதாரி. அவனுடைய மூளையும் கையும் வாடகைக்குப் போகின்றன, பட்டம் காசு கொடுத்தவனுக்குப் போகிறது.

இது நமது நாட்டில் மட்டும் நடப்பது இல்லை. ஆப்பிரிக்காவிலே கென்யா நாட்டில் வேலையில்லாப் பட்டதாரிகள் ஏராளமானோர் இங்கிலாந்து, அமெரிக்க மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பிழைத்து வந்தார்கள். பிரிட்டன் 2022-ல் சட்டம் கொண்டுவந்து இங்கிலாந்தில் இந்த வியாபாரத்தைக் குற்றமாக்கியது. ஆஸ்திரேலியா 2020-லேயே செய்தது. அங்கே விற்கிறவனைப் பிடிக்கச் சட்டம் வந்தது. இங்கே பிடிபடுவது யார்? மாணவன் மட்டும்தான்.

சரி, பிறர் எழுதியதை எடுப்பதே தவறா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நமது பிள்ளைகளில் பலருக்கு இந்த இடத்திலே குழப்பம் இருக்கிறது. "புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுத முடியும், நானாகவா கண்டுபிடிக்க முடியும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

தமிழனுக்கு இது புதிய விஷயமே இல்லை. தொல்காப்பியம் மரபியலிலே நூலை முதல் நூல், வழி நூல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. வழி நூலையும் நான்காக வகுக்கிறது: தொகுப்பது, விரிப்பது, தொகுத்தும் விரித்தும் எழுதுவது, மொழிபெயர்ப்பது. ஆக, இன்னொருவர் நூலிலிருந்து எடுத்து எழுதுவதற்கு நமது இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. நன்னூல் பாயிரத்தைப் பாருங்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதினால் அதிலே என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. எழுதியவன் பெயர் முதலாவது. இரண்டாவது என்ன தெரியுமா? வழி! இந்த நூல் எதன் வழியாக வந்தது என்று சொல்லியாக வேண்டும். இன்று பல்கலைக் கழகக்காரர்கள் பெரிய பெரிய வார்த்தை போட்டுச் சொல்கிறார்களே, அது இதுதான். எடு, எடுத்த இடத்தைச் சொல். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி அச்சிட்டபோது, எந்த ஏட்டுப் பிரதி யாரிடமிருந்து கிடைத்தது என்று முகவுரைகளிலே எழுதி வைத்தார். பெயரைச் சொன்னதால் அவருடைய பெருமை ஒரு குன்றிமணி அளவு குறைந்ததா?

இன்னொரு சம்பவத்தையும் சொல்லத்தான் வேண்டும். இது நமது ஆசான் மார்க்சைப் பற்றியது. 1863 ஏப்ரல் 16-ந் தேதி பிரிட்டனின் நிதி மந்திரி கிளாட்ஸ்டன் பட்ஜெட் பேச்சு பேசினார். நாட்டின் செல்வப் பெருக்கம் சொத்துள்ள வர்க்கங்களோடு நின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்கிற ஒரு வாக்கியம் அதில் வந்தது. மார்க்ஸ் சும்மா விடுவாரா? 1864-ல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க அறிக்கையிலே அதை எடுத்துப் போட்டார். 1867-ல் "மூலதனம்" நூலிலும் எடுத்துக் காட்டினார்.

1872-ல் ஜெர்மன் முதலாளிகளின் பத்திரிகை ஒன்று, பெயர் போடாத கட்டுரை ஒன்றை வெளியிட்டது. "அப்படி ஒரு வாக்கியமே கிளாட்ஸ்டன் பேச்சில் இல்லை, மார்க்ஸ் இட்டுக் கட்டிவிட்டார்" என்பது அதன் சாரம். எழுதியவர் பிரென்டானோ என்ற பேராசிரியர் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. மார்க்ஸ் என்ன செய்தார்? கோபப்பட்டு வசை பாடிவிட்டுப் போகவில்லை (வசையும் கொஞ்சம் உண்டு, அவர் மார்க்ஸ் ஆயிற்றே!). பேச்சுக்கு மறுநாள், ஏப்ரல் 17-ந் தேதி வெளிவந்த லண்டன் பத்திரிகைகளை எடுத்து வைத்தார். "டைம்ஸ்" பத்திரிகையின் அறிக்கையிலே அந்த வாக்கியம் இருந்தது! பார்லிமெண்ட் நடவடிக்கைப் பதிவிலேதான் அது காணாமல் போயிருந்தது. மார்க்ஸ் இறந்த 1883-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒருவர் மறுபடியும் அதே புகாரைக் கிளப்பினார். மகள் எலியனார் பதில் கொடுத்தார். "மூலதன"த்தின் ஆங்கிலப் பதிப்புக்காக அவரே மேற்கோள்களை எல்லாம் மூல நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இந்தக் கதை முழுவதையும் எங்கெல்ஸ் 1890-ல் நான்காம் ஜெர்மன் பதிப்பின் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார்.

தேதியும் இடமும் குறித்து வைத்திருந்ததால்தான் சவால் வந்தபோது நிமிர்ந்து நின்று பதில் சொல்ல முடிந்தது. எதிரி பலசாலியாக இருக்கும்போது ஏழைக்கு இருக்கிற பாதுகாப்பு அந்தச் சின்னக் குறிப்புதான். ஆகவே அடிக்குறிப்பு என்பதை மார்க் வாங்குவதற்காகப் போடும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பல்கலைக் கழக மானியக் குழு 2018-ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேடுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுப்பதற்காக. 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது. 60-க்கு மேல் போனால் மாணவரின் பதிவே ரத்து. கடுமையான விதிதான், இருக்கட்டும். அதே விதியிலே ஆசிரியருக்கு என்ன எழுதியிருக்கிறது? அவருடைய கட்டுரை 60 சதவீதத்துக்கு மேல் திருட்டாக இருந்தால், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு வருஷாந்தர இன்க்ரிமெண்ட் கிடையாது, மூன்று வருஷம் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்ட முடியாது. மறுபடி மறுபடி செய்தால்தான் வேலைக்கு ஆபத்து. மாணவனுக்கு முதல் தடவையிலேயே படிப்பு போகிறது, ஆசிரியருக்கு இன்க்ரிமெண்ட் போகிறது. தராசின் இரண்டு தட்டையும் நீங்களே பாருங்கள்.

பெரிய மனிதர்களின் கதையும் ஊர் அறிந்ததுதான். ஜெர்மனியின் ராணுவ மந்திரி குட்டன்பெர்க் டாக்டர் பட்ட ஆய்வேட்டைக் காப்பியடித்தது அம்பலமாகி 2011 மார்ச்சில் பதவி விலகினார். நமது மாநிலத்துக்கு வாருங்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விவரத்தை வெளியிட்டது. அண்ணா பல்கலைக் கழகத்தோடு இணைந்த இன்ஜினீயரிங் கல்லூரிகளில், ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்! பல்கலைக் கழகமும் விசாரித்து முறைகேடு உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆசிரியரே இல்லாமல் ஆசிரியர் இருப்பதாக எழுதி, அதையும் இணையத்தின் வழியாகத்தான் சமர்ப்பித்தார்கள். பையன் ஒரு பக்கத்தைக் காப்பியடித்தால் நாணயக் குறைவு. நிர்வாகம் ஒரு மனிதனையே பத்து இடத்தில் காப்பியடித்தால் அதற்கு என்ன பெயர்?

இதைச் சொல்வதால் பையன் செய்தது சரியாகிவிடாது. அதையும் அழுத்தமாகச் சொல்கிறோம். மேலே இருக்கிறவன் திருடுகிறான், நாமும் திருடுவோம் என்பது நமது வழி இல்லை. ஏன் தெரியுமா? பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் ஒரு சட்டை மாதிரி. கிழிந்தால் வேறு வாங்குவான், அப்பனின் கம்பெனியிலே உட்காருவான். நமது பிள்ளைக்கு உள்ளே ஏறிய அறிவு ஒன்றுதான் மூலதனம். ஆவடி, அம்பத்தூர் பட்டறைகளிலே கேட்டுப் பாருங்கள். மைக்ரோமீட்டரைப் படிக்கத் தெரியாத டிப்ளமாக்காரனை ஃபோர்மன் எத்தனை நாள் வைத்திருப்பான்? காப்பியடித்து வாங்கிய 30 மார்க், மிஷின் முன்னால் நிற்கும்போது கை கொடுக்காது.

இயந்திரம் கண்காணிக்கிறதே, அந்த விஷயத்துக்கு வருவோம். கொரோனா காலத்திலே, 2020 செப்டம்பரில், சென்னைப் பல்கலைக் கழகம் இறுதிப் பருவ மாணவர்களை வீட்டிலிருந்தே தாளில் எழுதி இணையத்தில் ஏற்றச் சொன்னது. அண்ணா பல்கலைக் கழகம் 2021 பிப்ரவரியில் நடத்திய பருவத் தேர்வை ஒரு கம்ப்யூட்டர் நிரலைக் கொண்டு கண்காணித்தது. கேமரா முன் உட்கார வேண்டும். தலை திரும்பினால், பின்னால் குரல் கேட்டால் குறித்துக்கொள்ளும். ஒற்றை அறை வீட்டிலே குரல் கேட்காமல் எப்படி இருக்கும்? குழந்தை அழும், குக்கர் விசில் அடிக்கும், பக்கத்து வீட்டிலே சண்டை நடக்கும். ஏப்ரலில் முடிவு வந்தபோது ஏராளமானோர் தேறவில்லை, பலருடைய முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. மாணவர்கள் கொதித்தார்கள். மே மாதம் மறு தேர்வு என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று. மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

இப்போது சாட்ஜிபிடி வந்திருக்கிறது. 2022 நவம்பரில் வந்தது. கேட்டால் கட்டுரை எழுதிக் கொடுக்கிறது. அதைப் பிடிக்க இன்னொரு இயந்திரம். பிடிக்கிற இயந்திரத்தின் யோக்கியதை என்ன? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழக ஆய்வாளர்கள் 2023-ல் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் தாமே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் "இது இயந்திரம் எழுதியது" என்று அவை சொல்லிவிட்டன! காரணம், எளிய வார்த்தைகளில் எழுதினால் இயந்திரத்துக்குச் சந்தேகம் வருகிறது. சாட்ஜிபிடியைச் செய்த கம்பெனியே தனது பிடிக்கும் கருவி சரியில்லை என்று 2023 ஜூலையில் வாபஸ் வாங்கிக்கொண்டது. தமிழ் வழியில் படித்துவிட்டு, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் எழுதுகிற நமது பிள்ளை மீது இந்தக் கருவியை ஏவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2024-ல் ஹரியானாவிலே ஒரு சட்ட மாணவர், இயந்திரத்தை வைத்து எழுதினாய் என்று தன்னைத் தோற்கடித்ததை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு பல்கலைக் கழகம் அவரைத் தேர்ச்சி என்று அறிவித்தது. எல்லோராலும் ஹைகோர்ட்டுக்குப் போக முடியுமா?

ஆகவே காரியமாகச் சில விஷயங்கள். எழுதும்போது கை நோட்டில் முதல் வரைவு ஒன்று வையுங்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும், கிழித்துப் போடாதீர்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறியுங்கள். யாராவது சந்தேகம் எழுப்பினால் அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. புத்தகத்தின் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையை மாற்றிவிட்டுச் சொந்தம் என்று சொல்வதும் திருட்டுதான், கொஞ்சம் சோம்பேறித் திருட்டு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வது போல எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கூட்டாகப் படிக்கலாமா என்று ஒரு தம்பி முன்பே கேட்டார். தாராளமாகப் படியுங்கள்! சேர்ந்து படிப்பது நமது பலம். கூடி விவாதியுங்கள், ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லுங்கள். பிறகு கலைந்து போய் அவரவர் தனியாக எழுதுங்கள். எழுதிய தாளைக் கைமாற்றாதீர்கள். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒன்றாகத்தான் மாட்டுவார்கள்.

போர்ட்டலில் ஏற்றுவதைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். இரண்டு நாள் முன்னால், காலை வேளையில் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு வருகிற ரசீதை, எண்ணோடு படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஏற்றிய கோப்பைத் திறந்து எல்லாப் பக்கமும் இருக்கிறதா, தலைகீழாக இல்லையா என்று பாருங்கள். பிரவுசிங் சென்டரில் ஏற்றினால் பாஸ்வேர்டைக் கடைக்காரரின் நோட்டில் எழுதி வைக்காதீர்கள், ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், வேலை முடிந்ததும் வெளியேறிவிட்டு வாருங்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். உங்கள் பெயரில் வேறொருவன் ஏதாவது ஏற்றிவிட்டால் நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 1948-ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவிலே இப்படிப்பட்ட சட்டம் செய்த முதல் மாநிலம் நம்முடையது. அன்றிலிருந்து சொத்து வரியோடு நூலக வரி கட்டி வருகிறோம், இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. திருவேற்காட்டிலே ஓட்டு வீட்டுக்காரர் முதல் அடுக்குமாடிக்காரர் வரை கட்டுகிறார்கள். வாடகைக்கு இருக்கிறவர் வாடகையிலே கட்டுகிறார். அந்தப் பணத்துக்கு, இரண்டாம் ஷிப்டுக்காரன் காலையிலும் முதல் ஷிப்டுக்காரன் இரவிலும் உட்கார்ந்து படிக்க ஒரு மேஜை, நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர் கேட்பது அதிகமா? கோட்டூர்புரத்திலே 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் அருமையானது, ஆட்சேபணை இல்லை. இங்கிருந்து அங்கே போய் வர அரை நாள் கூலி போய்விடுகிறதே!

பல்கலைக் கழகங்களையும் கேட்க வேண்டும். போர்ட்டல் முடங்கினால் தானாகவே கெடு நீள வேண்டும், ஒவ்வொரு மாணவனும் மனுப் போட்டுக் கெஞ்சும்படி வைக்கக் கூடாது. ஆண்டுதோறும் அதே கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே பதில் வருகிறது என்று அழக் கூடாது. "உன் தெருவிலே கூவம் ஓடுகிறதே, அதைப் பற்றி எழுது, நேரில் போய்ப் பார்த்து எழுது" என்று கேட்டால் எந்தக் கடைக்காரன் எழுதிக் கொடுப்பான்? சந்தேகம் என்றால் மாணவனைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் வாய்மொழியாகக் கேளுங்கள். படித்தவன் சொல்வான். அதற்கு ஆசிரியர்கள் வேண்டும், காலியிடங்களை நிரப்ப வேண்டும். கருவி கொடுக்கிற சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது.

நூலகம் சம்பந்தமான மனு வாசலில் மேஜை மீது இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் எந்த ஷிப்டு, எந்த நேரம் வசதி என்பதையும் பக்கத்திலே எழுதுங்கள், அதிகாரிகளிடம் நேரத்தைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். ஸ்கேன் செய்யத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் இன்று மாலை ஆறு மணி வரை இங்கேயே இருப்பார்கள். ஏற்ற வேண்டிய தாள் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் அவர்களைப் பாருங்கள். ஏற்றிக் கொடுப்பார்கள், எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.